ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் எமது பழைய மாணவியொருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பாசிக்குடாக் கடற்கரைக்குப் பக்கத்தில் நின்று பருத்திச் செடியின் உயரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சங்கத்து அக்கா ஒருவர் சிரித்தார். "இஞ்ச ஆரு புள்ள பருத்தி போடுறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என் பருத்திக் கதை தொடங்கியது இந்தப் பாடசாலையின் உயிரியல் வகுப்பில்.

மெண்டல் என்ற துறவி நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தார். முதற் சந்ததி முழுவதும் நெட்டை. அடுத்த சந்ததியில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. "குட்டை இயல்பு அழிந்து போகவில்லைப் பிள்ளைகளே, ஒளிந்திருந்தது" என்றார் ரீச்சர். அந்த ஒரு வசனம்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது.

அதன் பொருளை எங்கள் வட்டைக்குள்ளேயே கண்டேன். பத்தலகொடையில் உருவாகி 1958இல் வந்த எச் 4 நெல்லைத்தான் அப்பா முதலில் விதைத்தார். நல்ல நெல். ஆனால் பசளையைக் கூட்டினால் உயர்ந்து வளரும். கதிர் முற்றும் நேரம் மழையும் காற்றும் வந்தால் வேளாண்மை பாய் விரித்தாற்போல் சாய்ந்துவிடும். பிறகு 1971இல் பீஜீ 34-8, 1975இல் பீஜீ 94-1 என்று குட்டை இனங்கள் வந்தன. போட்ட பசளை வைக்கோலுக்குப் போகாமல் நெல்லுக்குப் போனது. பயிர் நிமிர்ந்து நின்றது.

இந்தக் குட்டை இயல்பு தாய்வானின் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற பழைய நெல்லிலிருந்து வந்தது. 1966இல் பிலிப்பைன்சில் வெளியான ஐஆர் 8இன் பெற்றோரில் ஒன்று அதுதான். காரணம் ஒரேயொரு பின்னிடைவான பரம்பரையலகு. தண்டை நீட்டும் ஜிபரலின் என்ற ஓமோனை அது குறைத்துவிடுகிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். மெண்டலின் குட்டைப் பட்டாணியிலும் குறைந்திருந்தது அதே ஜிபரலின்தான்.

இந்த நம்பிக்கையோடுதான் மேற்படிப்புக்குக் கோயம்புத்தூர் போனேன். நெட்டைப் பருத்தியையும் அடக்கமான பருத்தியையும் கலந்து, இரண்டாம் சந்ததியில் மூன்றுக்கு ஒன்றை எதிர்பார்த்து, அளவுகோலோடு வயலில் இறங்கினேன். முழங்கால் உயரத்திலிருந்து தோளுயரம் வரை எல்லா உயரத்திலும் செடிகள் நின்றன. விதையைக் கலந்துவிட்டேனோ என்று அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

பிழை என்னுடையதல்ல, பருத்தியின் சுபாவம் அது. எத்தனை கணு, ஒரு கணுவுக்கும் மற்றதற்கும் எவ்வளவு இடைவெளி என்ற இரண்டும் சேர்ந்ததே அதன் உயரம். இரண்டையும் பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. நாம் அதிகம் பயிரிடும் பருத்திக்கு 52 நிறமூர்த்தங்கள். இரண்டு மூதாதைச் செடிகளின் தொகுதிகள் ஒன்றாகிப் பிறந்தது என்பதால் பல பரம்பரையலகுகள் இரட்டையாகவே உள்ளன. போதாக்குறைக்கு, பருத்தி இயல்பில் பல்லாண்டு வாழும் செடி. தண்ணீரும் பசளையும் கிடைத்தால் வளர்ந்துகொண்டே போகும்.

மிக உயர்ந்தால் கீழ்க்காய்கள் நிழலில் அழுகும். மிகக் குட்டையானால் காய்க்கும் கிளைகளே குறையும். ஆகவே பருத்தியில் குட்டையைத் தேடுவதைவிட அடக்கத்தைத் தேடுவதே பொருத்தம். பக்கத்தில் படர்ந்து ஓடாமல், குறுகிய கிளைகளில் காய்த்து, நெருக்கி நடக்கூடிய செடி வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட கோ 17 அப்படிப்பட்டது. அந்த அடக்கம் இல்லாத இனங்களுக்கு மெப்பிகுவாட் குளோரைட் தெளிக்கிறார்கள். அதுவும் ஜிபரலினைத்தான் தடுக்கிறது.

ஒருநாள் பருத்தி எடுக்க வந்த ஓர் அம்மா என் அளவுகோலைப் பார்த்துக் கேட்டார்: "செடியைக் குட்டையாக்குறீங்க, சரி. நான் நாள் முழுக்கக் குனிஞ்சே எடுக்கணுமா? மெசின் வந்துட்டா எனக்கு ஏது கூலி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தாக்கத்தியோடு அரிவு வெட்டுக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்களின் நினைவு வந்தது. நிமிர்ந்து நின்ற குட்டை நெல் இயந்திரத்துக்கும் வசதியாக இருந்தது. இன்று ஒரு வட்டையை ஒரே பகலில் அது வெட்டி முடிக்கிறது. நெல் வீடு வந்தது; அவர்களுடைய நாட்கூலி போயிற்று. பயிர் ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருத்தியின் முதுகும் அடுப்பும் அதை அறியும்.

அன்றிலிருந்து என் அளவுக் கொப்பியில் இன்னொரு நிரல் சேர்த்தேன்: நிலத்திலிருந்து முதற்காய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அது சிறிய அளவுதான். ஆனால் குனிகிறவரின் பக்கத்திலிருந்து எடுத்த அளவு. கூலியைப் பற்றிய அவருடைய இரண்டாவது கேள்விக்கு எந்த நிரலும் போதவில்லை. அதற்கான பதிலை நாம் வயலுக்கு வெளியே, சந்தையிலும் சட்டத்திலும் தேடவேண்டும்.

தங்கச்சிமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தி பழைய நெட்டை நெல்லுக்கு ஒதுக்குங்கள். வெள்ளம் நிற்கும் பள்ளக் காணிக்கு நாளை எந்த இயல்பு தேவைப்படும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. விதை இருந்தால்தான் அதில் ஒளிந்திருப்பது ஒருநாள் வெளிவரும். வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளையும் அப்படித்தான் என்று நம்பி எங்களுக்குக் கற்பித்த இந்தப் பாடசாலைக்கு என் நன்றி.