அன்றாடம் தேர்ந்தெடுக்கும் விசுவாசம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'தேவ ஞானத்தை நம்பி வாழ்தல்'. "சரி, பிரசங்கம் ஆரம்பிச்சிட்டார்" என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுத்தால் தப்பில்லை. நாங்களும் ஒருகாலத்தில் பின்வரிசைதான்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசுவாசத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆலயத்தில் போதகர் இருக்கிறார். நான் திங்கட்கிழமை விசுவாசத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் மன்னாவைப் பற்றி வாசிக்கிறோம். வனாந்தரத்தில் ஜனங்களுக்கு ஆகாரம் கிடைத்தது. எப்படி? ஆளுக்கு ஓர் ஓமர் அளவு, அன்றன்றைக்கு உள்ளது மட்டும். "நாளைக்கும் ஆகட்டுமே" என்று மீத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் மறுநாள் புழு பிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்புப் பங்கு. நாற்பது வருஷம் இதே பாடம்! நேற்றைய மன்னாவை வைத்து இன்றைக்குச் சாப்பிட முடியாது. விசுவாசமும் அப்படித்தான் என்பதே நான் இன்று சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

சாலொமோனைப் பாருங்கள். கிபியோனில் தேவன் அவனுக்குத் தரிசனமாகி, என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் ஐசுவரியம் கேட்கவில்லை. நியாயம் விசாரிக்கத்தக்க ஞானத்தைக் கேட்டான். அந்த ஞானம் முதன்முதலில் எங்கே பயன்பட்டதாக வேதம் சொல்கிறது? தேவாலயம் கட்டுவதிலா? யுத்தத்திலா? இல்லை. ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு பெண்கள், ஒரு குழந்தைக்காகப் போட்ட சண்டையில்! தேவ ஞானம் இறங்கி வருகிற இடம் நம்முடைய அன்றாட வழக்குகள்தான். ஆனால் அதே சாலொமோன் வயோதிபத்தில் வழி விலகினான். ஒருதரம் ஞானம் கிடைத்தது உண்மைதான். அதை அவன் தினந்தோறும் தேர்ந்துகொள்ளவில்லை.

மாணவத் தம்பி, தங்கைகளே, உங்கள் வாழ்க்கையில் இது எங்கே வருகிறது? ஆய்வகத்தில் ரீடிங் சரியாக வரவில்லை. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரெக்கார்டில் எழுதிவிடலாம். கேட்டால், "எல்லாரும் பண்றதுதானே சார்!" சின்ன விஷயம்தான். ஆனால் பிற்காலத்தில் பாலத்துக்கும் மருந்துக்கும் கையெழுத்துப் போடப்போகிற கை அதுவே அல்லவா?

நம்மைப் போன்ற மூத்தவர்களுக்கு வேறு பரீட்சை. நிலம் வாங்குகிறோம், பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. வாங்க ஒரு எடைக்கல், விற்க ஒரு எடைக்கல் என்று பைக்குள் வைத்துக்கொள்ளாதே என மோசே அன்றே எச்சரித்தது இதைத்தான்.

கலியாணப் பேச்சைச் சொல்லவே வேண்டாம். முன்னறையில் ஐயர் ஜெபம் பண்ணுகிறார். உள்ளறையில் எத்தனை சவரன் என்று பேச்சு நடக்கிறது. "நாங்க ஒண்ணும் கேக்கலீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றீங்க" என்று ஒரு சமாதானம் வேறு! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. சட்டம் வந்தும் நம் வீடுகளில் வழக்கம் போகவில்லை. பெண்ணைப் பெற்றவர் வட்டிக்குக் கடன் வாங்கி வைக்கிற சவரனை, ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்வது எப்படி?

ஏன் இப்படிச் செய்கிறோம்? பயம்தான் காரணம். "நான் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்ற பயம். தேவ ஞானத்தை நம்புவது என்றால், என் கணக்கைவிட அவர் கணக்குப் பெரியது என்று ஒப்புக்கொண்டு, இன்றைக்குச் சரியானதைச் செய்வது. அப்படிச் செய்தால் உடனே நன்மை வரும் என்று நான் சொல்ல மாட்டேன். கோப்பு நகராமல் கிடக்கலாம். நல்ல வரன் தட்டிப்போகலாம்.

"ஒழுங்காக நடந்தும் அடி விழுந்தால்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு வேலூரிலிருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்தைச் சேர்ந்தவர், 1925-இல் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் மருத்துவர். 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த விபத்தைத் தேவன்தான் அனுப்பினார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏன் நடந்தது என்பதற்கு யாரும் அவருக்கு விளக்கம் கொடுக்கவுமில்லை. ஆனால் அங்கே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி வர்கீஸ் அந்தக் கைகளைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது; தன்னைப் போல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அவர் அங்கே வழிகாட்டினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

1954-இல் அவருக்கு 1966 தெரியாது. அன்றன்றைய பங்கு மட்டுமே கையில் இருந்தது. இன்றைக்கு எழுந்து உட்கார வேண்டும். இன்றைக்கு இந்த ஒரு கையைச் சரிசெய்ய வேண்டும். ஆளுக்கு ஓர் ஓமர், அவ்வளவுதான்.

இந்த அவையில் பிற சமயத்தைச் சார்ந்த நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைச் சொன்னால், "சொல்கிறபடி இவன் நடக்கிறானா?" என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. தயவுசெய்து பாருங்கள், எங்களுக்கு அது நல்லது.

யோசுவா வயது முதிர்ந்த காலத்தில் சீகேமிலே ஜனங்களைக் கூட்டி, யாரைச் சேவிப்பது என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளச் சொன்னான். ஜனங்களிடம் தீர்மானம் கேட்ட அந்தப் பெரியவர், தன்னுடைய தீர்மானத்தையும் தன் வீட்டாரின் தீர்மானத்தையும் வெளிப்படையாகச் சொன்னார். முன்னாள் மாணவர்களாகிய நமக்கு இதில் பாடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால், நம் வீட்டுக் கலியாணத்திலும் நம் மேசைக் கோப்பிலும் நாம் என்ன தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அவர்கள் பார்க்கட்டும்.

நாளைக்குரிய ஞானத்தை நாளைக்குக் கேட்போம். இன்றைக்குரியதை இன்றைக்கே கேட்டு, பெற்று, நடப்போம். கர்த்தர்தாமே நம் அனைவரையும், நம் கல்லூரியையும் ஆசீர்வதிப்பாராக.