வூல்வொர்த் ஏன் கவிழ்ந்தது?

நெருக்கடி வந்தால் எந்தக் கடை முதலில் கவிழும்? சிப்பந்திகள் சோம்பேறிகளாக உள்ள கடை என்பார்கள் முதலாளிகள். பிரிட்டனைப் பார்ப்போம்.

மிட்டாய் முதல் பாத்திரம் வரை மலிவாக விற்ற வூல்வொர்த், 1909ல் லிவர்பூலில் துவங்கியது. 2001ல் தாய்க் கம்பெனி அதைக் கழற்றிவிட்டது. கழற்றுமுன் 182 கடைகளின் கட்டிடங்களை விற்றுக் காசாக்கிக்கொண்டது. நேற்றுவரை சொந்த இடம், இன்று வாடகை! விற்பனை விழுந்தது, வாடகை விழவில்லை. 2008 நெருக்கடியில் கடனுக்குச் சரக்குத் தர வியாபாரிகள் மறுத்தார்கள். நவம்பரில் திவால். 2009 ஜனவரி 6ல் கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. 807 கடைகள், சுமார் 27,000 பேரின் பிழைப்பு.

கலந்து பேசாமல் ஆட்குறைப்பு செய்தது தவறென்று யூனியன் வழக்காடி நஷ்ட ஈடு வாங்கியது. (அதையும் முதலாளி தரவில்லை, அரசாங்க நிதிதான் தந்தது!) ஆனால் 20 பேருக்குக் குறைவான கடைகளில் உழைத்தவர்களுக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. லாபக் கணக்கில் எல்லாம் ஒரே கம்பெனி. நஷ்ட ஈடு கேட்டால் ஒவ்வொரு கடையும் தனி ஸ்தாபனமாம்! யூனியன் விடவில்லை, ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. 2015ல் அங்கும் அப்படியே தீர்ப்பு. வெறுங்கையுடன் நின்ற வூல்வொர்த் தொழிலாளர்கள் 3,000 பேருக்கு மேல்.