ஆளுக்கு ஏத்த அளவு

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. நாம இப்போ பேசப் போறது நம்ம பின்னறையில் இருக்கிற உடற்பயிற்சி சாமான்களைப் பற்றி. ஒரு சைக்கிள், தோளுக்கான கப்பிக் கயிறு, நாலைந்து ரப்பர் பட்டை. இவ்வளவுதான் இருக்கு. ஆனால் இதை வைத்து நாம செய்த ஒரு தவறை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாமான் வந்து இறங்கிய அன்று நாங்கள்தான் மாட்டினோம். சைக்கிள் சீட்டை எங்கள் உயரத்துக்கு வைத்தோம், ஏறி ஓட்டிப் பார்த்தோம், "நல்லா இருக்கு, எல்லாரும் வாங்க" என்று சொன்னோம். அதோடு விட்டுவிட்டோம். எங்களைவிட ஒரு சாண் குட்டையான ஒரு அக்கா, நடவு நட்டு நட்டு ஏற்கனவே மூட்டு தேய்ந்தவர், அதே சீட்டில் எட்டி எட்டி மிதித்திருக்கிறார். பத்து நாளில் முட்டி வீங்கிவிட்டது. இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. கூலி போச்சு, குழுவில் தவணையும் தள்ளிப்போச்சு. "பயிற்சின்னா வலிக்கத்தானே செய்யும்னு நினைச்சேன்" என்று அவர் சொன்னபோது எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தப்பு சைக்கிள் மேலயும் இல்லை, அந்த அக்கா மேலயும் இல்லை. ஒருத்தர் அளவை எல்லாருக்கும் வைத்ததுதான் தப்பு. அளவெடுக்காமல் யாராவது ஜாக்கெட் தைப்பார்களா? அதுபோலத்தான் இதுவும்.

முதலில் சைக்கிளைப் பார்ப்போம். சமதளத்தில் நிற்கிறதா, ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கல்லோ செங்கல் துண்டோ முட்டுக்கொடுக்காதீங்க. கெட்டியான ரப்பர் விரிப்பு போடுங்க. பிறகு சீட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். சீட் உங்கள் இடுப்பு எலும்பு உயரத்துக்கு வரட்டும். இது தொடக்க அளவுதான். ஏறி உட்கார்ந்து, ஒரு பெடல் நன்றாகக் கீழே இருக்கும்போது முட்டியைப் பாருங்கள். லேசாக மடங்கியிருந்தால் சரி. கால் விறைப்பாக நீண்டாலோ, மிதிக்கும்போது இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைந்தாலோ சீட் உயரம் அதிகம். முட்டி ரொம்ப மடங்கினால் சீட் தாழ்வு. அப்போ பாரமெல்லாம் முட்டிச் சில்லில் விழும்.

சீட்டை மாற்றும்போது கண்டிப்பாக இறங்கி நின்றுதான் மாற்ற வேண்டும். பின் துளைக்குள் முழுசாகப் போய்ச் சேரணும், திருகை இறுக்கணும், சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறணும். கம்பியில் போட்டிருக்கும் கடைசிக் கோட்டுக்கு மேலே தூக்கக் கூடாது. இறுக்கும் குமிழை முதல் வாரம் தளர்வாகவே வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியணும். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொரு விஷயம், சேலை. முந்தானை, துப்பட்டா, பின்னல், கழுத்துச் சங்கிலி எல்லாம் சக்கரத்துக்கு எட்டாமல் செருகிக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். நாம மிதிப்பதை நிறுத்தினாலும் நம்ம சைக்கிள் மாதிரி சில வகையில் சக்கரமும் பெடலும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி ஓட்டத்தில் காலை எடுக்கக் கூடாது. கூட வந்த குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது. சுற்றும் சக்கரத்தில் சின்ன விரல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கப்பிக் கயிறு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். நம்ம குழுக்களிலேயே தலை சீவ முடியாமல், ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும். ஆனால் சுவரில் கெட்டியாகப் பதித்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். ஷீட் கூரையின் குச்சியிலோ, துணிக்கொடி ஆணியிலோ மாட்டாதீர்கள். தினமும் முதலில் உட்கார்கிறவர் கயிற்றை இழுத்துப் பார்க்கணும், நைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கணும். கை வைக்காத, கால் விரியாத நாற்காலி வேண்டும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

கயிற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நல்ல கை தொடைக்கு இறங்கும்போது, வலிக்கிற கை எவ்வளவு தூரம் சிரமமில்லாமல் உயருமோ அவ்வளவுக்குத்தான் கயிறு இருக்கணும். நல்ல கைதான் இழுக்கணும், வலிக்கிற கை சும்மா கூடப் போகணும். இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். சுரீர் என்று வலிக்கும் வரை போகாதீர்கள். பக்கவாதம் வந்து கை தொய்ந்துபோனவர்களுக்கு இந்தக் கப்பி கூடாது. தாங்க முடியாத தோளை இழுத்துத் தூக்கினால் இருக்கிற மூட்டும் கெட்டுப்போகும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மூன்றாவது ரப்பர் பட்டை. பார்க்கச் சாதுவாக இருக்கும். அறுந்தால் சாட்டை மாதிரி முகத்தில் அடிக்கும். எடுத்தவுடன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சின்னக் கீறல், ஓட்டை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள். பாதத்தில் மாட்டினால் நடுப்பாதத்தில் ஒரு சுற்று சுற்றுங்கள், விரல் நுனியில் மாட்டாதீர்கள். முகத்தை நேராக வைக்காமல் சற்று ஒதுக்கி வைத்து இழுங்கள். நிறத்துக்கு நிறம் இழுவை மாறும், ஆனால் ஒரு கம்பெனி மஞ்சளும் இன்னொரு கம்பெனி மஞ்சளும் ஒன்றில்லை. இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும். வெயிலில் காயப்போடாதீர்கள். தோல் அரித்துத் தடித்தால் உடனே விட்டுவிடுங்கள்.

சிலர் டாக்டரையோ நர்ஸம்மாவையோ கேட்காமல் எதையும் தொடக் கூடாது. கர்ப்பிணிகள், சிசேரியனோ கர்ப்பப்பை ஆபரேஷனோ செய்து தேறி வருகிறவர்கள், இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வராதீர்கள், கையில் ஒரு மிட்டாய் வைத்திருங்கள், பாதத்தில் புண் இருக்கிறதா பார்த்துச் செருப்போடு ஏறுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தால் அப்படியே நிறுத்தி உட்காருங்கள். வலியும் வியர்வையும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"இவ்வளவையும் யார் ஞாபகம் வைச்சுக்கிறது?" என்று ஒரு தங்கச்சி கேட்கிறாங்க. சரியான கேள்வி. அதற்கு நம்மிடம் ஏற்கனவே வழி இருக்கிறது. சேமிப்புக்கு ஆளுக்கொரு பாஸ்புக் இல்லையா? அதே மாதிரி இதற்கும் ஆளுக்கு ஒரு அட்டை. சீட் எத்தனையாவது துளை, கயிறு எத்தனையாவது முடிச்சு, பட்டை எந்த நிறம், எத்தனை நிமிடம் என்று நாலே வரி. படிக்கத் தெரியாத அக்காமார்களும் எண்ணிப் பார்க்கும்படி சைக்கிள் கம்பியில் பெயின்ட்டால் புள்ளி வைத்திருக்கிறோம். மூன்று புள்ளி என்றால் மூன்றாவது துளை. ஏறுகிறவர் தன் அளவை வைக்கணும், பக்கத்தில் ஒருவர் சரிபார்க்கணும். தனியாக இருக்கும்போது யாரும் ஏற வேண்டாம். பணத்தை இரண்டு பேர் எண்ணுகிறோமே, உடம்புக்கு மட்டும் ஒருவர் போதுமா?

முட்டி வீங்கின அந்த அக்கா இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போ அவருக்கு இரண்டாவது புள்ளி. தினம் எட்டு நிமிடம் ஓட்டுகிறார். சாவியும் அட்டைகளும் இனி தன்னிடம் இருக்கட்டும், வாரம் ஒருமுறை திருகு, கயிறு எல்லாவற்றையும் தானே பார்க்கிறேன் என்று அவரே கேட்டிருக்கிறார். துணைக்கு இன்னொரு பிரதிநிதி வேண்டும். கை தூக்குங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவோம்.