எழுத்துக்கும் கூலி உண்டு

(இளம் பட்டதாரிகளும் பெற்றோர்களும் கலந்துகொண்ட சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து, "நான் எழுத்தாளராகப் போகிறேன்" என்று சொன்னால் பெற்றோரின் முகம் எப்படி மாறும் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா ஃபேக்டரியில் ஷிப்ட் மாறி மாறி நிற்கிறார். பி.டி.பி.டி.என். கடன் பாக்கி நிற்கிறது. பட்டதாரிகளே மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் காலம் இது. "எழுதினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்குச் செக்ரோல் தெரியும். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு அரைநாள், யாருக்கு முழுநாள் என்று கிராணி அதில் எழுதுவார். நம் பாட்டன் செய்த வேலை அந்தப் புத்தகத்தில் ஏறினால்தான் கூலி. எழுதத் தெரிந்தவர் கையில்தான் கணக்கு இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் யார்? தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. இவையெல்லாம் அன்றைய கோரிக்கைகள். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். நம் குறைகளை எழுத்தில் வைக்கத் தெரிந்த ஆள் நமக்கு எப்போதும் தேவை. அந்த ஆள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

நம் மூத்த எழுத்தாளர்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள்? பலர் பள்ளி ஆசிரியர்கள். சயாம் மரண ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' நாவல் எழுதிய அ. ரெங்கசாமி ஆசிரியர். ரெ. கார்த்திகேசு பேராசிரியர். சம்பளம் வேறிடத்திலிருந்து வந்தது. நாளிதழில் சேர்ந்து மாதச் சம்பளத்தில் எழுதுவது இன்னொரு வழியாக இருந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் மூடப்பட்ட பிறகு அந்த வழியும் குறுகிவிட்டது.

ஆகவே தம்பி தங்கைகளே, கதையும் கவிதையும் உடனே சோறு போடாது. ஆனால் எழுத்து என்பது கதை மட்டுமா? தொலைக்காட்சி நாடகத்துக்கு வசனம் வேண்டும், மலாயில் துணைவரி வேண்டும். வானொலிக்கு உரை வேண்டும். கிளினிக்கின் அறிவிப்பு, கடையின் விளம்பரம், சிறு வியாபாரியின் கடன் விண்ணப்பம் எல்லாம் யாரோ எழுதுவதுதான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதத் தெரிந்த பிள்ளை நம் தாமானில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

"இப்போது கணினியே மொழிபெயர்த்து விடுகிறதே!" என்பார்கள். செய்கிறது. அந்தத் தமிழை உங்கள் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள், அவர் முகம் சொல்லும். சரிபார்க்க மனிதர் வேண்டும். ஆனால் "சரிபார்ப்பதுதானே" என்று பாதிக் கூலி பேசுவார்கள். பக்கக் கணக்கில் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று பார்த்து விலை சொல்லுங்கள்.

அடுத்தது, நம்மவர்களே செய்யும் அநியாயம். ஓர் ஆண்டு விழா மலர் முழுவதையும் எழுதித் திருத்திக் கொடுத்தேன். பந்தல்காரருக்குப் பணம், சமையல்காரருக்குப் பணம், படம் பிடித்தவருக்குப் பணம், அச்சகத்துக்குப் பணம். எனக்குப் பொன்னாடை. வீட்டில் பதினோரு பொன்னாடைகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் ஒன்றையும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்! சமுதாயத்துக்குச் செய்கிறோம் என்று நாமே மனமுவந்து எழுதுவது வேறு. அதை நாம் தீர்மானிக்க வேண்டும். மண்டபத்துக்கு வாடகை கொடுக்கப் பணம் வைத்திருப்பவர் எழுத்துக்கு மட்டும் "சேவை" என்றால், அது சேவை அல்ல, ஏய்ப்பு.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எழுதிய கதையின் உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். ஆனால் ஒருவர் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்தாலோ, சம்பள வேலையின் பகுதியாக எழுதினாலோ, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாதவரை அந்த உரிமை அவருக்குப் போய்விடும். பலருக்கு இது தெரியாது. "ஒரு முறை வெளியிட மட்டும் அனுமதி, உரிமை எனக்கே" என்று ஒரே ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். வாட்சாப்பில் பேசிய விலையையும் அழித்துவிடாதீர்கள்.

பணம் தராமல் இழுத்தடித்தால்? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு இந்த வழி உண்டு. வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே பேசலாம். எழுதியது எது, கொடுத்த நாள் எது, பேசிய தொகை எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அங்கே அதுவே உங்கள் செக்ரோல்.

சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும் சொக்சோ உண்டு. இ.பி.எஃப்.பில் தாமாகச் சேமிக்கவும் வழி உண்டு. மாதம் ஐம்பது வெள்ளியாவது போடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பகலில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டே எழுதட்டும். அதில் அவமானம் இல்லை. ஆனால் இரவில் அது மேசையில் உட்கார்ந்திருக்கும்போது "சும்மாதானே இருக்கிறாய், கடைக்குப் போய் வா" என்று எழுப்பாதீர்கள். அதுவும் ஓவர்டைம்தான். ஓராண்டு கொடுங்கள். மாதக் கடைசியில் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்தால் எவ்வளவு வந்தது, யார் பாக்கி என்று பிள்ளையிடம் கேளுங்கள். பாக்கி வைத்தவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தால் நீங்களே போய்க் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கையில் ஒப்பந்தக் கடிதமோ வராத பணத்தின் கணக்கோ வைத்திருப்பவர்கள் தேநீர் நேரத்தில் பின்பக்க மேசைக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.