நிறத்தில் எழுதிய அதிகாரம்: இசைப்படங்கள் கூறும் அரசியல்

இன்றைய லெபனான் நாட்டின் கடற்கரையிலே தீரு என்னும் பழம்பெருந் துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. முற்காலத்திலே அப்பட்டினம் ஒரு சாயத்தினாற் புகழ்பெற்றிருந்தது. சங்கினத்தைச் சேர்ந்த ஒருவகைக் கடற்பிராணியின் உடலிலே சிறு துளியாக ஊறும் நீரைச் சேர்த்துக் காய்ச்சி அந்த ஊதாச் சாயத்தைச் செய்தனர். 1909ஆம் ஆண்டிற் பிரீட்லெண்டர் என்னும் இரசாயன அறிஞர், அச்சாயத்தின் இயல்பை ஆராயும்பொருட்டு 12,000 சங்குகளை உடைத்து, ஈற்றில் 1.4 கிராம் சாயமே பெற்றார் எனின், ஓர் அரசனுடைய மேலாடை முழுவதையும் தோய்ப்பதற்கு எத்துணை உயிர்களும் எத்துணை மனித உழைப்பும் வேண்டியிருந்தன என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அருமையான பொருளை ஆள்வோர் தமக்கே உரித்தாக்கிக்கொள்ளுதல் உலக வழக்கு. உரோமப் பேரரசின் பிற்காலச் சட்டங்கள் அந்த ஊதா நிறத்தைப் பேரரசனுக்கே ஒதுக்கி வைத்தன. இங்கிலாந்திலே முதலாம் எலிசபெத்து அரசியார் 1574ஆம் ஆண்டிற் பிறப்பித்த ஆணை, ஊதாப் பட்டை அரச குடும்பத்தாரும் உயர்குடிப் பிரபுக்கள் சிலருமன்றிப் பிறர் அணியலாகாது என விதித்தது. இந்நிலை மாறியது 1856ஆம் ஆண்டிலே. பதினெட்டு வயதினரான வில்லியம் பேர்க்கின் என்னும் மாணவர், கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது, நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயமொன்று தற்செயலாகக் கிடைத்தது. அதன்பின் அரசர் நிறம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ஆயினும், இன்ன நிறம் இன்னாருக்குரியது என்னும் எண்ணம் சாயத்தின் விலை இறங்கியவுடன் மக்கள் மனத்தை விட்டு நீங்கிவிடவில்லை. சீருடையிலும் கொடியிலும் அரண்மனைச் சுவரிலும் அது குடியிருந்தது. நம் காலத்திலே இசைப்படங்களிலும் வந்து அமர்ந்திருக்கின்றது.

இசைப்படம் என்பது ஒரு பாட்டு ஒலிக்கும் நான்கைந்து நிமிட நேரத்துக்கு அமைவாக எடுக்கப்படும் சிறு திரைப்படம். நீண்ட வசனத்துக்கோ கதை வளர்ச்சிக்கோ அங்கே இடமில்லை. பாடல் வரி ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்க, காண்பவர் மனத்தில் ஒரு கருத்தை நொடிப்பொழுதிற் பதிக்கவேண்டிய தேவை இயக்குநருக்கு உண்டு. அத்தேவைக்கு எளிதிற் கைகொடுப்பது நிறம். வானொலிக்கு நிறம் காட்டும் ஆற்றல் இல்லை. ஆதலின், இனி வருவனவற்றை நேயர்கள் தத்தம் மனத்திரையிலே தீட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

எம்.ரி.வி. என்னும் அமெரிக்க இசைத் தொலைக்காட்சி 1981ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதலாந் திகதி தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதன் திரையிற் கறுப்பினப் பாடகர் மிக அருகியே தோன்றினர். டேவிட் போவி என்னும் ஆங்கிலப் பாடகர் 1983ஆம் ஆண்டில், அந்நிலையத்தாருக்கே அளித்த பேட்டியொன்றில், இதன் காரணத்தை நேருக்கு நேர் வினவினார். அவ்வாண்டில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஒளிபரப்பான பின்னரே நிலை தளரத் தொடங்கிற்று. ஆகவே ஆடை நிறமும் அரங்க நிறமும் பேசத் தொடங்குமுன், இக்கலையின் வாசலிலே காவல் நின்றது தோலின் நிறமே.

நிறம் ஒருவனை அடையாளப்படுத்துவது. அடையாளப்படுத்தியவனைப் பிரித்தெடுப்பதும் அதுவே. இதனை மிகக் கடுமையாகக் காட்டிய படம், ஈழத்தமிழ்த் தந்தைக்கும் தாய்க்கும் இலண்டனிற் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த மாயா அருட்பிரகாசத்தினுடையது. எம்.ஐ.ஏ. என்ற பெயரால் உலகம் அறியும் இப்பாடகியின் 'போர்ன் ஃபிறீ' என்னும் படத்தை ரொமெய்ன் கவ்ராஸ் என்னும் பிரெஞ்சு இயக்குநர் எடுத்தார். அது 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்தது. ஆயுதந் தாங்கிய படையினர் ஒரு குடியிருப்பினுட் புகுந்து, செம்பட்டை மயிருடைய இளைஞரை மட்டும் தேடிப் பிடித்து, வண்டியில் ஏற்றிப் பாலைநிலத்துக்குக் கொண்டுசென்று, கண்ணிவெடி புதைத்த நிலத்தின்மேல் ஓடவிடுகின்றனர். அவர்கள் செய்த குற்றம் யாதென்று படம் ஓரிடத்திலுங் கூறவில்லை. மயிரின் நிறமே குற்றம். பார்ப்பவர் முதலில் இஃதென்ன மடமை என எண்ணுவர். தலைமயிருக்காக ஒருவனைக் கொல்வார் உண்டோ என வியப்பர். அவ்வியப்பு எழுந்த பின், தோலுக்காகவும் மொழிக்காகவும் பிறப்புக்காகவும் கொல்லப்பட்டோரைப் பற்றி அத்தகைய வியப்பு ஏன் எழவில்லை என்ற வினா தானே பின்தொடர்கின்றது. யூரியூப் நிறுவனம் இப்படத்தைப் பலரும் எளிதிற் காணாதவாறு கட்டுப்படுத்தியது. கொடுமையை இத்துணை விரிவாகக் காட்டவேண்டுமோ என்று கேட்டவர் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை.

பியொன்சே என்னும் அமெரிக்கப் பாடகி சென்ற வழி வேறு. 2016 பெப்ரவரி 6ஆம் நாள் வெளிவந்த 'ஃபோர்மேஷன்' என்னும் படத்தை மெலினா மட்சூக்கஸ் என்னும் பெண்மணி இயக்கினார். 2005ஆம் ஆண்டுக் கத்ரீனாச் சூறாவளியிலே நியூ ஓர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியதையும், கைவிடப்பட்டோரிற் பெரும்பாலார் கறுப்பின ஏழைகள் என்பதையும் அமெரிக்கர் மறந்திலர். அவ்வெள்ளத்தின் நடுவே பாதி மூழ்கிய காவற்றுறைக் காரின்மேற் செந்நிற உடையோடு பாடகி இருக்கின்றார். வேறொரு காட்சியிற் பழைய பண்ணையார் வீடொன்று வருகின்றது. வெண்ணிறச் சரிகைப் பின்னலாடைகள் அணிந்து, விசிறி ஏந்தி, அவ்வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்போர் கறுப்பினப் பெண்கள். அவ்வாடை ஒருகாலத்தில் எசமானிக்கு உரியது; அதை வெளுத்து மடித்தவள் அடிமைப்பெண். மடித்தவளின் மரபினர் இன்று உடுத்தியிருக்கின்றனர். அரசியற் சொற்பொழிவொன்று அரைமணி நேரங் கொள்ளக்கூடிய செய்தியை அவ்வெண்ணிறம் சில நொடிகளிற் சொல்லிவிடுகின்றது. பின்னொரு காட்சியிற் கறுப்பு முக்காட்டுச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன், கவசமணிந்த காவலர் வரிசையின் முன் நின்று ஆடுகின்றான்; ஈற்றில் காவலரே கைகளை உயர்த்துகின்றனர்.

மறுநாள், கலிபோர்னியாவில் நடைபெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் இடைவேளையில் அதே பாட்டைப் பியொன்சே மேடையேற்றினார். அவருடன் ஆடிய பெண்கள் கறுப்புத் தோலுடையும் கறுப்புத் தொப்பியும் அணிந்திருந்தனர். 1966ஆம் ஆண்டில் அம்மாநிலத்து ஓக்லண்ட் நகரிலே தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் உடை அது என்பதை முதியோர் உடனே உணர்ந்தனர். கட்சி தோன்றி ஐம்பதாவது ஆண்டும் அதுவே. காவலர் சங்கங்கள் சில சினந்து, அவர் இசைநிகழ்ச்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கலாகாதெனத் தம் உறுப்பினரை வேண்டின. ஒரு தொப்பியின் நிறம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சினமூட்ட வல்லதாயின், நிறத்தை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுதல் எங்ஙனம்?

எனினும், நிறமும் அதிகாரமும் முகத்துக்கு முகம் சந்தித்த இடம் பாரிசிலுள்ள லூவர் அரும்பொருளகமே. 2018 யூன் 16ஆம் நாள் பியொன்சேயும் அவர் கணவர் ஜேய்-சீயும் சேர்ந்து ஓர் இசைப்படத்தை வெளியிட்டனர். பாட்டின் தலைப்பு சபையிற் சொல்லத்தகாத கொச்சைச் சொல். ஆதலின் அதனை விடுத்துச் செல்வதே முறை. இயக்கியவர் றிக்கி சேஸ். லூவர் முன்னர் பிரெஞ்சு மன்னரின் அரண்மனை. புரட்சியின் பின் 1793ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்கு அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. மக்கள் நெருக்கத்தில் எட்டி நின்றும் காணவியலாத மோனா லிசா ஓவியத்தின் முன், கணவனும் மனைவியும் தனித்து நிற்கின்றனர். அவர் உடை வெளிர்நீலப் பச்சை. இவர் உடை இளஞ்சிவப்பு. பழுப்பும் கரும்பச்சையுமாக மங்கிய அவ்வோவியத்தின் முன் அவ்விரு நிறங்களும் துணிந்து ஒலிக்கின்றன.

அடுத்து, சமோத்திராசுத் தீவில் 1863ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட சிறகுடைய வெற்றித் தெய்வத்தின் சிலை. அதன் படிக்கட்டிலே வெண்ணிறப் பேராடை அணிந்து பியொன்சே நிற்க, கீழே படிகள்தோறும் ஆடுவோர் கிடக்கின்றனர். இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கிரேக்கச் சிலைகள் தொடக்கத்தில் வெண்மையாக இருந்தனவல்ல. அவை வண்ணந் தீட்டப்பட்டவை. காலப்போக்கில் வண்ணம் உதிர்ந்தது. உதிர்ந்தபின் எஞ்சிய பளிங்கின் வெண்மையையே ஐரோப்பியர் பேரழகின் இலக்கணமாகக் கொண்டனர். இதே வெற்றித் தெய்வத்தை 2013, 2014ஆம் ஆண்டுகளிற் செப்பனிட்டபோது சிறகிலும் ஆடையோரத்திலும் நீல நிறத்தின் சுவடுகள் காணப்பட்டன.

மிகச் சிறந்த காட்சி டாவீது என்னும் ஓவியர் 1805 முதல் 1807 வரை தீட்டிய நெப்போலியன் முடிசூட்டு ஓவியத்தின் முன் நிகழ்கின்றது. ஏறக்குறைய பத்து மீற்றர் அகலமும் ஆறு மீற்றர் உயரமும் உடைய அப்பெரும் பரப்பு முழுவதும் செம்பட்டும் பொன்னும் வெண்மயிர்த் தோலும் ஒளிர்கின்றன. நெப்போலியன் முடியைக் கையிலேந்தி நிற்க, மண்டியிட்டிருப்பவள் ஜோசபீன். அவள் மார்த்தினிக்குத் தீவிலே அடிமைகளை வைத்துக் கரும்புத்தோட்டம் நடத்திய குடும்பத்திற் பிறந்தவள். புரட்சியரசு 1794ஆம் ஆண்டில் அடிமைமுறையை ஒழித்தது. 1802ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நெப்போலியனின் சட்டம் மார்த்தினிக்கு முதலிய தீவுகளில் அதனை நிலைக்கச் செய்தது; குவாதலூப் தீவிலும் அதே ஆண்டில் அது மீண்டும் புகுத்தப்பட்டது. அங்கே தெல்கிரேசு என்னும் வீரரும் அவரைச் சார்ந்த நூற்றுக்கணக்கானோரும், அடிமையாவதிலும் இறப்பதே மேலென்று, வெடிமருந்தைக் கொளுத்தி மாண்டனர். அச்சட்டத்தைச் செய்தவன் முடிசூட்டிக்கொள்ளும் ஓவியத்தின் முன்னே கறுப்பினப் பெண்கள் கைகோத்து ஆடுகின்றனர். அவர்கள் அணிந்திருப்பது பட்டன்று, பொன்னுமன்று. தத்தம் தோலின் நிறத்தையொத்த இறுகிய ஆடை. கரும்பழுப்பு, செம்பழுப்பு, இளம்பழுப்பு என ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு சாயல். அரசச் செம்மைக்கு எதிராக வேறோர் அரசச் செம்மையை நிறுத்தாது, எந்த நிறத்தின் பேரால் மனிதர் விலைக்கு விற்கப்பட்டனரோ அதே நிறத்தை உடையாக்கி அங்கே நிறுத்தியதில் இப்படத்தின் அரசியல் அடங்கியிருக்கின்றது.

இதனை ஏற்காதவர் உளர். வாயிலை உடைத்து எவரும் உட்புகவில்லை, பெருஞ்செல்வர் இருவர் அனுமதி பெற்று மூடிய அரண்மனையிற் படம் எடுத்தனர், இதில் எளியோர்க்கு வந்தது யாது என்பது அவர் கேள்வி. பெல் ஹூக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் அறிஞர், பியொன்சேயின் 2016ஆம் ஆண்டுப் படைப்பாகிய 'லெமனேட்' பற்றி எழுதியபோதே, அழகிய கறுப்புடல்களை முன்வைத்து நடக்கும் வணிகம் இது எனக் கண்டித்திருந்தார். அக்கண்டனத்தை எளிதில் ஒதுக்க இயலாது. இப்படத்தினாற் பயனடைந்தோரில் லூவரும் ஒன்று. அப்படத்தில் வரும் கலைப்பொருள்களை வரிசையாகக் கண்டு செல்வதற்கு அரும்பொருளகத்தாரே ஒரு வழிகாட்டி வகுத்தனர். அவ்வாண்டில் அங்கு வந்தோர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. அதிகாரத்தை எதிர்த்த நிறத்தையும் அதிகாரம் விற்றுப் பணமாக்க வல்லது. ஆயினும் அவ்வழிகாட்டியைக் கையிற்கொண்டு சென்றோர், முன்பு எவரும் நின்று பாராத ஓர் ஓவியத்தின் முன்னும் நின்றனர்.

அதனைத் தீட்டியவர் டாவீதின் மாணவியாகிய மரீ கியமீன் பெனுவா. 1800ஆம் ஆண்டிற் காட்சிக்கு வைக்கப்பட்ட அவ்வோவியத்திற் கறுப்பினப் பெண்ணொருத்தி நாற்காலியில் அமர்ந்து, பார்ப்பவரை நேரே நோக்குகின்றாள். தலைக்கட்டும் ஆடையும் வெண்மை. நாற்காலியிற் போர்த்தியிருப்பது நீலம். இடையிற் சிவப்பு நாடா. மூன்றுஞ் சேர்ந்தாற் புரட்சிப் பிரான்சின் கொடி. இஃது ஓவியரின் கருத்தே எனக் கொள்வோர் பலர். அவளைச் சுற்றி விடுதலையின் நிறங்கள் தீட்டப்பட்டு இரண்டே ஆண்டில் அச்சட்டம் வந்தது. அவள் குவாதலூப்பிலிருந்து ஓவியரின் உறவினர் குடும்பத்தோடு பிரான்சுக்கு வந்த பணிப்பெண் என்பது ஆய்வாளர் முடிவு. இசைப்படத்திலே இவ்வோவியத்தின் முன் எவரும் ஆடவில்லை, பாடவுமில்லை. அவள் முகம் மட்டும் தனித்துக் காட்டப்படுகின்றது. நெடுங்காலமாக ஓவியத்தின் தலைப்பிலே அவளுடைய இனப்பெயரன்றி வேறு பெயர் இருக்கவில்லை. இசைப்படம் வந்த மறுவருடம், 2019இல், பாரிசின் ஓர்சே அரும்பொருளகம் ஓவியங்களிற் கறுப்பின மாந்தர் என்னும் பொருள்பற்றிக் கண்காட்சியொன்று நடத்தியது. லூவரிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட அவ்வோவியம், 'மதலேனின் உருவப்படம்' என்ற தலைப்போடு சுவரில் மாட்டப்பட்டது.