இரு கைப்பேசிக்கு ஒரே பாடம்

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு நச்சுக்காற்று பரவியது. பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய வேளையில் பள்ளியின் செய்தி எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமல்லவா?

ஒருவர் கையில் ஆண்ட்ராய்டு, மற்றவர் கையில் ஐபோன். முன்னதற்குக் கோட்லின் மொழியிலும் பின்னதற்கு சுவிஃப்ட் மொழியிலும் செயலியைத் தனித்தனியே எழுதலாம். ஆனால் உழைப்பு இருமடங்கு. ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் தங்கிவிட்டால், பாதிப் பெற்றோருக்குச் செய்தி போகாது.

இதற்கு என்ன வழி? தோட்டப் பள்ளிகளில் இரு வகுப்புகளை ஓரறையில் அமர்த்திப் பாடம் நடத்தும்போது, கதையை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்வோம். கணக்கை வகுப்புவாரியாகக் கொடுப்போம். செயலியும் அவ்வாறே. பொதுவான நிரலை ஒருமுறை எழுதி, இருவகைக் கைப்பேசிகளுக்கும் செயலியை உருவாக்கலாம். 2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த கூகுளின் ஃபிளட்டர் ஆகியவை இதற்கு உதவுவன. பிழையை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

எனினும் எல்லாமே பொதுவாகிவிடாது. அறிவிப்பு அனுமதி, கேமரா போன்றவற்றில் அந்தந்தக் கைப்பேசிக்குரிய ஏற்பாடு வேண்டும். இரண்டிலும் சோதித்த பின்னரே வெளியிட வேண்டும்.

செயலி செய்ய விரும்பும் மாணவர்களே, முதலில் ஒரு தாளில் 'பொது', 'தனி' என இரு பத்திகள் வரையுங்கள். பொதுப்பத்தி நீண்டிருந்தால், ஒரே நிரலே சிக்கனம்.