எல்லா வேலையும் தெரிஞ்சவங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருஷம் வேலை பார்த்தேன். கைமடியா சேர்ந்து, செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் பார்த்து, ஓவர்லாக், பேட்லாக் மிஷினும் கத்துக்கிட்டேன். எந்த இடத்தில் ஆள் வரலைன்னாலும் என்னைத்தான் அனுப்புவாங்க. சம்பளம் மட்டும் கடைசி வரை ஹெல்பர் சம்பளம். ஆர்டர் குறைஞ்சதும் முதல்ல என்னை நிறுத்தினாங்க. குழுக்கடன் தவணை நிக்குமா?

வேலை கேட்டுப் போனா, "எது கொடுத்தாலும் செய்வேன்"னு சொல்லாதீங்க. கேட்கிறவங்க காதில் அது ஹெல்பர்னுதான் விழும். நான், "ஓவர்லாக் ஓட்டுவேன், பேட்லாக் ஓட்டுவேன். ஒரு பீஸ் தைச்சுக் காட்டறேன், பாருங்க"ன்னு கேட்டேன். ரெண்டு இடத்தில் மிஷினில் உட்காரவே விடலை. மூணாவது இடத்தில் தைச்சுக் காட்டினேன். டெய்லர் சம்பளத்துக்கே எடுத்தாங்க.

இன்னொண்ணு. கம்பெனி மாறும்போது பழைய பி.எஃப். யு.ஏ.என். நம்பரையே கொடுங்க. பி.எஃப். பென்ஷனில் மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் உண்டு. இடையில் பென்ஷன் பணத்தை எடுத்துட்டா அந்த வருஷங்கள் கணக்கில் வராது. தையல் சான்றிதழ் இல்லாதவங்களுக்கு, தெரிஞ்ச தொழிலைச் சோதிச்சுச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் இருக்கு. கூட்டமைப்பு அலுவலகத்தில் விசாரிங்க.

நம்ம கைக்குத் தெரிஞ்ச தொழிலை நம்ம வாயாலேயே பேர் சொல்லிக் கேட்போம்.